டேட்டாபேஸ் சர்வர் மக்கர் செய்யும்போது: ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

பலர் கூடி எழுதும் ஒரு தளத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அந்தச் செய்தி எப்போது வேண்டுமானாலும் வரும்: "தளம் திறக்கவில்லை, ஏதோ டேட்டாபேஸ் எர்ரர் என்று காட்டுகிறது, என்ன ஆச்சு?" அடுத்த ஐந்து நிமிடத்தில் இன்னும் பத்துப் பேர் அதையே கேட்பார்கள், கை தானாக ரீஸ்டார்ட் கட்டளைக்குப் போகும். கொஞ்சம் பொறுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் தளம் எழுந்துவிடும், உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் உள்ளே எந்தக் குவெரி (டேட்டாபேஸுக்குப் போகும் கேள்வி அல்லது கட்டளை) ஓடிக்கொண்டிருந்தது, யார் எதைப் பிடித்து வைத்திருந்தார்கள் என்ற தடயமெல்லாம் அதோடு போய்விடும், அடுத்த வாரம் மறுபடி அதே இடத்தில் வந்து உட்காருவீர்கள். பத்து நிமிடம் தளம் கிடக்கட்டும், பரவாயில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் எதை எந்த வரிசையில் பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மைஎஸ்கியூஎல், மரியாடிபி என்ற இரண்டு டேட்டாபேஸ் மென்பொருள்களுக்கும் இது பொருந்தும், சர்வர் லினக்ஸில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை, வெளியே ஒரு அறிவிப்புப் பலகை. "பராமரிப்பு நடக்கிறது" என்று ஒரு வெற்றுப் பக்கம் போடுங்கள், அது 503 என்ற நிலைக் குறியீட்டோடு போகட்டும். 200 என்று போனால் தேடுபொறிகள் அந்தப் பிழைப் பக்கத்தையே உங்கள் பக்கமாக எடுத்து வைத்துக்கொள்ளும். 503 என்றால் பிறகு வந்து பார்க்கும். இதற்கு இன்னொரு பலனும் உண்டு. மக்கள் பதற்றத்தில் பக்கத்தைத் திரும்பத் திரும்ப ரிஃப்ரெஷ் செய்வதால் வரும் சுமை டேட்டாபேஸ் வரை போகாமல் வாசலிலேயே நின்றுவிடும்.

அப்புறம் பிழைச் செய்தியை முழுசாகப் படியுங்கள், குறிப்பாக அதிலுள்ள எண்ணை. 2002 என்றால் சர்வரோடு பேசவே முடியவில்லை: ஒன்று டேட்டாபேஸ் ஓடவில்லை, இல்லை சாக்கெட் ஃபைல் (ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசிக்கொள்ளும் வாசல்) நீங்கள் சொன்ன இடத்தில் இல்லை. 1045 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு, இது பெரும்பாலும் யாரோ கான்ஃபிக் ஃபைலைத் தொட்ட பிறகு வருவது. 1040 என்றால் கனெக்ஷன்கள் நிரம்பிவிட்டன. 2006 என்றால் நடுவில் தொடர்பு அறுந்தது. ரொம்ப நேரம் சும்மா இருந்த கனெக்ஷனாக இருக்கலாம், அளவுக்கு மீறிப் பெரிய குவெரியாக இருக்கலாம், சர்வரே நடுவில் செத்து எழுந்திருக்கவும் கூடும். 2002 வரும்போது ஒரு சின்ன விஷயம் பலரைக் குழப்பும். கான்ஃபிக்கில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் மைஎஸ்கியூஎல் அதை சாக்கெட் ஃபைல் வழியாகப் போ என்று புரிந்துகொள்ளும், 127.0.0.1 என்று எழுதினால் நெட்வொர்க் வழியாக 3306 போர்ட்டுக்குப் போகும். ஒன்று வேலை செய்து இன்னொன்று செய்யாவிட்டால் டேட்டாபேஸ் நன்றாகத்தான் இருக்கிறது, வழிதான் தவறு.

அடுத்து எர்ரர் லாக். கடைசி நூறு வரியைப் படித்துவிட்டுத்தான் வேறு எதுவும் செய்ய வேண்டும். அதை வேறொரு ஃபைலில் நகலெடுத்தும் வையுங்கள், பிறகு நிதானமாக உட்கார்ந்து பார்க்கும்போது தேவைப்படும்.

வட்டில் இடம் இருக்கிறதா?

காரணங்களைத் தேடும்போது இதை முதலில் பார்க்கச் சொல்வது ஏனென்றால், இதைப் பார்க்கப் பத்து விநாடி போதும், ஆனால் பார்க்காமல் விட்டு மணிக்கணக்கில் வேறெங்கோ தேடியவர்கள் நிறையப் பேர். டிஎஃப் (df) கட்டளை ஒன்று போதும். வட்டு நிரம்பிவிட்டால் மைஎஸ்கியூஎல் பல சமயம் விழுவது கூட இல்லை, எழுதவந்த வேலையை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் கிடைத்ததா என்று பார்த்துக்கொண்டு நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தளம் தொங்கிப்போன மாதிரி இருக்கும், சர்வர் ஓடுகிறது என்றே காட்டும். லாக்கில் பிழை எண் 28 கண்ணில் பட்டால் அது இடம் இல்லை என்பதற்கான லினக்ஸின் எண். டிஎஃப்பில் இடம் இருப்பதாகக் காட்டினாலும் ஐநோடுகளையும் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு இடம்) ஒருமுறை பாருங்கள். லட்சக்கணக்கில் குட்டி செஷன் ஃபைல்கள் சேர்ந்திருந்தால் ஜிபி கணக்கில் இடம் கிடந்தும் ஒரு புது ஃபைலைக் கூட உருவாக்க முடியாது.

இடத்தைத் தின்பது பெரும்பாலும் பைனரி லாக், அதாவது டேட்டாபேஸில் நடந்த மாற்றங்களின் பதிவு. மைஎஸ்கியூஎல் 8.0-இல் அது தானாகவே இயங்கும், மாற்றாவிட்டால் 30 நாள் வரை சேர்த்து வைக்கும். அந்த ஃபைல்களைக் கையால் அழிக்காதீர்கள். அவற்றுக்கென்று ஒரு பட்டியல் ஃபைல் இருக்கிறது, கையால் அழித்தால் இரண்டுக்கும் கணக்கு ஒத்துப்போகாது. டேட்டாபேஸுக்குள் போய் பர்ஜ் பைனரி லாக்ஸ் என்ற கட்டளையால் பழையவற்றை நீக்குங்கள், பிறகு நாள் கணக்கை ஏழு என்றோ உங்கள் பேக்கப் பழக்கத்துக்கு ஏற்றபடியோ குறைத்துக்கொள்ளுங்கள். ரெப்ளிகா (முதன்மை சர்வரைப் பின்தொடர்ந்து நகல் வைத்திருக்கும் சர்வர்) இருந்தால் அது எந்த ஃபைல் வரை படித்திருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். வெப் சர்வரின் லாக் ஃபைல் பத்து ஜிபி ஆகியிருந்தால் அதையும் அழிக்க வேண்டாம், உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை அழித்த ஃபைலின் இடம் திரும்பிவராது. இன்னொன்று, பழைய பதிவுகளை டெலீட் செய்தால் இடம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். இன்னோடிபி (டேபிள்களைச் சேமிக்கும் மைஎஸ்கியூஎல்லின் எஞ்சின்) அந்த இடத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அடுத்த பதிவுக்குப் பயன்படுத்தும், வட்டுக்குத் திருப்பித் தராது. ஆப்டிமைஸ் டேபிள் கொடுத்தால் சுருங்கும், ஆனால் அதற்கு டேபிளை முழுசாக இன்னொரு முறை எழுத இடம் வேண்டும். நிரம்பிய வட்டில் அது நடக்காது.

நினைவகம்

டேட்டாபேஸ் தானாக நின்று நின்று எழுகிறது, எர்ரர் லாக்கில் விடைபெறும் வரி எதுவும் இல்லாமல் திடீரென்று புதிதாகத் தொடங்கும் வரிகள் மட்டும் இருக்கின்றன என்றால் அதைக் கொன்றது பெரும்பாலும் கெர்னல்தான் (லினக்ஸின் மையப் பகுதி). டிமெசேஜ் (dmesg) கட்டளையில் அவுட் ஆஃப் மெமரி என்று தேடிப் பாருங்கள், எந்த நிரலைக் கொன்றது என்று பெயரோடு எழுதியிருக்கும். நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் பெரும்பாலும் அதிகம் தின்றவனைத்தான் பிடிக்கும், வெப் சர்வரும் டேட்டாபேஸும் ஒரே கணினியில் இருந்தால் அது டேட்டாபேஸ்தான். இங்கே பலர் செய்யும் தவறு, படித்த ஏதோ குறிப்பின்படி இன்னோடிபி பஃபர் பூலுக்கு (தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடம்) மொத்த நினைவகத்தில் 70, 80 சதவீதம் கொடுத்துவிடுவது. அந்தக் கணக்கு டேட்டாபேஸ் மட்டும் தனியாக ஓடும் கணினிக்கு. பிஹெச்பியும் கூடவே ஓடும் 4 ஜிபி சர்வரில் 1 ஜிபியில் தொடங்கிப் பார்த்துக் கூட்டுவதே நிம்மதி. எதுவும் மாற்றாவிட்டால் அது 128 எம்பி, வளர்ந்த தளத்துக்கு அது மிகக் குறைவு, எனவே இரண்டு பக்கமும் கவனம் வேண்டும்.

கனெக்ஷன் நிரம்பிவிட்டால்

1040 வந்ததும் எல்லோரும் செய்வது மேக்ஸ் கனெக்ஷன்ஸ் எண்ணை 151-இலிருந்து 500 ஆக்குவது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒவ்வொரு கனெக்ஷனும் தன் வேலைக்கென்று தனியே நினைவகம் எடுக்கும், ஐந்நூறு பேரும் ஒரே நேரத்தில் வரிசைப்படுத்தும் குவெரியோடு வந்தால் மேலே சொன்ன கெர்னல் கதையில் போய் முடியும். 151 கனெக்ஷன் ஒரு நடுத்தரத் தளத்துக்குத் தாராளம். அது நிரம்புகிறது என்றால் உள்ளே வந்தவர்கள் வெளியே போகவில்லை, அவ்வளவுதான். ஏன் போகவில்லை என்று பார்க்க வேண்டும்.

நல்லவேளை, நிரம்பியிருக்கும்போதும் நிர்வாகக் கணக்குக்கென்று மைஎஸ்கியூஎல் ஒரு இடம் கூடுதலாக ஒதுக்கி வைத்திருக்கிறது. தளத்தின் கான்ஃபிக்கில் ரூட் கணக்கையே போட்டு வைத்திருந்தால் அந்த ஒரு இடத்தையும் தளமே எடுத்துக்கொள்ளும், நீங்கள் வாசலில் நிற்பீர்கள். தளத்துக்கென்று அதிகாரம் குறைந்த தனிக் கணக்கு வைக்கச் சொல்வதற்குப் பாதுகாப்போடு இதுவும் ஒரு காரணம்.

உள்ளே போனதும் ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட் என்று கொடுங்கள். ஒரு டேட்டாபேஸ் சர்வரைப் பற்றி ஒரே ஒரு கட்டளைதான் தெரிந்துவைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். எங்கள் தளத்தில் ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன், இதைப் படிக்கும் விதம் புரியும். பதிவுகள் டேபிளில் ஒரு புது நெடுவரிசை சேர்ப்பதற்காக ஆல்டர் டேபிள் கொடுத்தோம், சோதனைத் தளத்தில் இரண்டு விநாடியில் முடிந்த வேலை. இங்கே கொடுத்ததும் முழுத் தளமும் உறைந்துவிட்டது. பட்டியலைத் திறந்தால் நூற்று நாற்பது வரிக்கு மேல், ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: வெயிட்டிங் ஃபார் டேபிள் மெட்டாடேட்டா லாக். எல்லாம் சாதாரண செலக்ட் குவெரிகள், ஒரு பதிவைப் படிக்க வந்தவர்கள். அவர்களுக்கு முன்னால் நிற்பது எங்கள் ஆல்டர், ஆனால் அதுவும் அதே வாசகத்தோடு காத்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் அதற்கும் முன்னால் யாரோ இருக்க வேண்டும். நேரத்தைக் காட்டும் நெடுவரிசையில் பெரிய எண்ணைத் தேடினோம். ஸ்லீப் என்று போட்டுக்கொண்டு, ஒன்றரை மணி நேரமாக, எந்தக் குவெரியும் இல்லாமல் ஒரு கனெக்ஷன். புள்ளிவிவரம் எடுக்க நாங்களே எழுதிய ஒரு குட்டி பைத்தான் நிரல் அது. பைத்தான் கனெக்டர்கள் தாமாக கமிட் செய்யாது (ட்ரான்சாக்ஷனை, அதாவது ஒரு தொகுப்பு வேலையை, முடித்து மூடாது); அந்த நிரல் பதிவுகள் டேபிளை ஒருமுறை படித்துவிட்டு, ட்ரான்சாக்ஷனை மூடாமலே வேறு ஏதோ வேலைக்குக் காத்திருந்தது. அது டேபிளின் அமைப்பை மாற்றக்கூடாது என்று பிடித்து வைத்திருக்க, அதன் பின்னால் ஆல்டர் நிற்க, ஆல்டருக்குப் பின்னால் மொத்தத் தளமும் நின்றது. கில் கட்டளையோடு அந்த எண்ணைக் கொடுத்ததும் வரிசை முழுவதும் ஒரே மூச்சில் கரைந்துபோனது.

ரீஸ்டார்ட் செய்திருந்தாலும் கரைந்திருக்கும். ஆனால் அந்த பைத்தான் நிரல் அடுத்த மணிநேரம் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும், நாங்கள் ஆல்டர் கட்டளையைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம்.

ஒரு எச்சரிக்கை. ஸ்லீப்பில் இருப்பதைக் கொல்வதில் ஆபத்து குறைவு. அரை மணி நேரமாக லட்சம் வரிகளை மாற்றிக்கொண்டிருக்கும் அப்டேட் ஒன்றைக் கொன்றால், அது செய்ததையெல்லாம் திரும்ப அழித்துக்கொண்டு வர வேண்டும், அதற்கு ஓடிய நேரத்தைவிட அதிகம் கூட ஆகலாம். அந்த நடுவில் பொறுமையிழந்து சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் எழுந்த பிறகும் அதே வேலையைத் தொடரும். அப்படிப்பட்ட குவெரியைப் பார்த்தால் முடியவிடுவதா நிறுத்துவதா என்று யோசித்து முடிவெடுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு: பிஹெச்பி எஃப்பிஎம்மில் (தளத்தின் பிஹெச்பி நிரல்களை ஓட்டும் சேவை) ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிள்ளை நிரல்களின் எண்ணிக்கை மேக்ஸ் கனெக்ஷன்ஸைவிடக் குறைவாக இருக்கட்டும். கூட்டம் வந்தால் வரிசை வெப் சர்வரில் நிற்கும், டேட்டாபேஸ் மூச்சுவிடும்.

மெதுவாகிச் சாகும் தளம்

ஒரேயடியாக விழாமல் நாளுக்கு நாள் மெதுவாகிக்கொண்டே போனால் ஸ்லோ குவெரி லாக்கை இயக்குங்கள். சர்வரை நிறுத்தாமலே இயக்கலாம். மாற்றாவிட்டால் பத்து விநாடிக்கு மேல் எடுக்கும் குவெரிகளை மட்டும்தான் அது பிடிக்கும், அதை ஒரு விநாடி ஆக்குங்கள். ஒரு நாள் ஓடவிட்டுப் பார்த்தால் குற்றவாளிகள் நாலைந்து குவெரிதான் இருக்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் எக்ஸ்ப்ளெய்ன் சேர்த்து ஓட்டுங்கள், டைப் என்ற இடத்தில் ஆல் என்று வந்து வரிகளின் எண்ணிக்கை லட்சத்தில் இருந்தால் அது இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) இல்லாமல் டேபிளை முதலிலிருந்து கடைசி வரை படிக்கிறது என்று அர்த்தம்.

பலர் எழுதும் தளங்களில் இரண்டு பேர் திரும்பத் திரும்ப மாட்டுவார்கள். ஒன்று தேடல்: சொல்லுக்கு இரண்டு பக்கமும் சதவீதக் குறி போட்ட லைக் தேடலுக்குச் சாதாரண இண்டெக்ஸ் உதவவே உதவாது. மற்றது ஆழமான பக்கங்கள். ஐயாயிரமாவது பக்கத்துக்கு ஒருவர் போனால் டேட்டாபேஸ் அதற்கு முன்னுள்ள லட்சம் பதிவுகளையும் படித்துத் தூக்கிப்போட்டுவிட்டுத்தான் கடைசி இருபதைத் தரும். மனிதர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை, தானாக மேயும் பாட் (bot) நிரல்கள் போகும், இரவெல்லாம் போகும். நடு இரவில் உங்கள் சர்வர் திணறினால் அங்கே பாருங்கள். கடைசியாகக் காட்டிய பதிவின் எண்ணை வைத்து "இதற்கு முந்தைய இருபது" என்று கேட்கும்படி குவெரியை மாற்றினால் எத்தனையாவது பக்கமானாலும் ஒரே வேகம்தான். இன்னும் மைஐசாம் என்ற பழைய எஞ்சினின் டேபிள்கள் இருந்தால் இன்னோடிபிக்கு மாற்றிவிடுங்கள். மைஐசாமில் பார்வை எண்ணிக்கையை ஒன்று கூட்டுவதற்குக் கூட முழு டேபிளுக்கும் பூட்டுப் போடும்.

டேபிள் சேதமானால்

இங்கே மட்டும் எதையும் தொடுவதற்கு முன் சர்வரை நிறுத்தி, டேட்டா டைரக்டரியை அப்படியே வேறொரு வட்டுக்கு நகலெடுங்கள். சேதமான நகலாக இருந்தாலும் சரி, அதுதான் இப்போது உங்களிடம் இருக்கும் ஒரே மூலம். மைஐசாம் டேபிள் என்றால் ரிப்பேர் டேபிள் வேலை செய்யும். இன்னோடிபிக்கு அந்தக் கட்டளை கிடையாது. அதற்கு இன்னோடிபி ஃபோர்ஸ் ரெகவரி என்ற அமைப்பு, 1-லிருந்து 6 வரை. 1-இல் தொடங்கி ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும். சர்வர் எழுந்த எண்ணில் உடனே டம்ப் (தரவை முழுசாக ஒரு ஃபைலில் எழுதிய நகல்) எடுத்துவிட்டு, புதிதாக ஒரு டேட்டாபேஸை உருவாக்கி அதில் ஏற்றுங்கள். 4-உம் அதற்கு மேலும் போனால் ஃபைல்கள் நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம், நல்ல பேக்கப் இருந்தால் அங்கே போகவே வேண்டாம்.

எழுத்து சிதைந்து தெரிகிறதா?

சர்வரை மாற்றிய பிறகு தமிழ்ப் பதிவுகள் எல்லாம் தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்துமாக வரிசையாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். தமிழின் யூனிகோட் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட், அந்த மூன்றையும் லத்தீன் எழுத்துகளாகத் தனித்தனியே படித்தால் இப்படித்தான் தெரியும். தரவு பத்திரமாக உள்ளே இருக்கிறது. கனெக்ஷனின் கேரக்டர் செட்டை (எழுத்துகளைப் பைட்டாக எழுதும் முறை) சரிபாருங்கள். டேபிளே லத்தீன்1 என்று பொய்ப்பெயர் வைத்துக்கொண்டு உள்ளே யுடிஎஃப்-8 வைத்திருந்தால், நேராக மாற்றும் கட்டளையைக் கொடுத்துவிடாதீர்கள், அது சிதைந்ததையே உண்மை என்று நம்பி இரண்டாம் முறை சிதைக்கும். முதலில் நெடுவரிசையை பைனரி வகைக்கு மாற்றி, அதிலிருந்து யுடிஎஃப்8எம்பி4-க்கு மாற்ற வேண்டும். வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் நிலைமை வேறு: அது ஏற்றும்போதே எழுத்து தொலைந்ததாக இருக்கலாம், உடனே எழுதுவதை நிறுத்திப் பழைய பேக்கப்பைத் தேடுங்கள். மைஎஸ்கியூஎல்லின் பழைய யுடிஎஃப்8 மூன்று பைட்டோடு நின்றுவிடும், தமிழ் அதில் அடங்கும், எமோஜி அடங்காது. ஸ்ட்ரிக்ட் மோட் (பொருந்தாத தரவை ஏற்காமல் பிழை சொல்லும் அமைப்பு) இல்லாத சர்வரில் எமோஜி வந்த இடத்தோடு மீதிப் பதிவு முழுவதும் சத்தமில்லாமல் வெட்டுப்படும். யாரோ மனசுவிட்டு எழுதியதன் பின்பாதி காணாமல் போவதைப் போல வருத்தம் தருவது வேறில்லை.

பேக்கப்

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்லாப் தளத்தில், ஒரு பொறியாளர் ரெப்ளிகா என்று நினைத்து முதன்மை சர்வரின் டைரக்டரியை அழித்துவிட்டார். தவறு தெரிந்து நிறுத்தியபோது 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். அவர்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன. தினமும் ஓடவேண்டிய டம்ப், வெர்ஷன் பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்தது, தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச்சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாகக் கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது, அந்த ஆறு மணி நேரத் தரவு போயே போய்விட்டது. தங்களுக்கு நடந்ததை அவர்கள் மறைக்காமல் வெளியில் எழுதியதற்கு நாம் எல்லோரும் நன்றி சொல்ல வேண்டும்.

மைஎஸ்கியூஎல் டம்ப் எடுக்கும்போது சிங்கிள் ட்ரான்சாக்ஷன் என்ற விருப்பத்தைச் சேருங்கள், இன்னோடிபி டேபிள்களைப் பூட்டாமல் ஒரே கணத்தின் நகலைத் தரும். எடுத்த ஃபைலின் கடைசி வரியைப் பாருங்கள்: டம்ப் கம்ப்ளீட்டட் என்று தேதியோடு முடிய வேண்டும். அது இல்லையென்றால் நடுவில் அறுந்த ஃபைல், அளவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும். அந்த வரி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் செய்தி அனுப்பும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வையுங்கள், இருந்தாலும் "முடிந்தது" என்று தினமும் அனுப்பட்டும், அப்போதுதான் செய்தி வராத நாள் தெரியும். நகல் ஒன்று வேறு ஒரு இடத்தில், தளத்தின் சர்வரிலிருந்து அழிக்க முடியாதபடி இருக்க வேண்டும்.

மாதத்துக்கு ஒருமுறை அதை ஒரு காலி சர்வரில் ஏற்றிப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள், தளம் விழுந்த நாளில் "எப்போது வரும்" என்று கேட்பவர்களுக்கு உண்மையான பதில் சொல்ல முடியும். ஏற்றி முடித்ததும் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், தளத்தின் மிகப் பழைய பதிவு ஒன்றையும் நேற்றைய கடைசிப் பதிவையும் திறந்து, எழுத்து சரியாக வருகிறதா, படம் வருகிறதா, எழுதியவர் பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.